மீன் மடியாமல் நீரின் நஞ்சை அறிதல்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் புறநகர் மின்வண்டி பொன்னேரியைக் கடந்து கவரைப்பேட்டையை நெருங்கும்போது, வயல்வெளிகள் மெல்லப் பின்வாங்கி ஆலைகளின் புகைபோக்கிகள் தலைகாட்டத் தொடங்கும். அடுத்து வருவது கும்மிடிப்பூண்டி. அரசின் சிப்காட் நிறுவனம் அமைத்த தொழிற்பேட்டையில் எஃகு உருட்டாலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் மருந்தாலைகளும் இங்கு அடுத்தடுத்து நிற்கின்றன. இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கீழ்த்திசையில் பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கிறது. சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. ஆரணியாறு பொன்னேரிப் பக்கமாக ஓடி அவ்வேரியில்தான் கலக்கிறது. ஆலை ஒருபுறம், மீனவர் வலை மறுபுறம். இடையே ஓடுவது நீர்.

அந்நீர் தீங்கற்றது என்று சான்று கூற நம் சட்டம் நிறுத்தியுள்ள சாட்சி யார் என்று வினவினால், விடை சிலருக்கு வியப்பளிக்கலாம். அச்சாட்சி ஒரு சிறு மீன்.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், ஆலைக் கழிவுநீருக்கான பொதுத் தரவரையறைகள் ஓர் அட்டவணையாகத் தரப்பட்டுள்ளன. காரத்தன்மை இவ்வளவு, எண்ணெய்ப் பசை இவ்வளவு, ஈயம் இவ்வளவு, குரோமியம் இவ்வளவு என்று நீளும் அப்பட்டியலில் உயிரிச் சோதனை என்று ஒரு வரி உண்டு. நீர் கலவாத முழுக் கழிவுநீரில் மீன்களை விட்டு 96 மணி நேரம் கழித்துப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறு மீன்கள் உயிரோடிருக்க வேண்டும் என்பதே அவ்வரியின் பொருள். திங்கட்கிழமை காலையில் தொட்டியில் விட்டால் வெள்ளிக்கிழமை காலையில் எண்ணிவிடலாம். பத்தில் ஒன்று மடிந்தால் நீர் தேறியது. இரண்டு மடிந்தால் தவறியது.

இவ்வரியை எழுதியவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆலைக் கழிவு என்பது பல நூறு பொருள்களின் கலவை. ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து முடிப்பது இயலாத செயல். அளந்தாலும், தனியே தீங்கற்ற இரண்டு பொருள்கள் கூடும்போது நஞ்சாவதை எந்த வேதியியல் கருவியும் முன்கூட்டிச் சொல்லாது. உயிருள்ள ஒன்றைக் கேட்டால்தான் அதற்கு விடை கிடைக்கும். அந்த வகையில் இது அறிவார்ந்த வரியே. அவ்வுயிர் முழு மீனாகத்தான் இருக்க வேண்டுமா என்பதே இன்றைய வினா. இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் தமிழகத்துக் கல்லூரி ஒன்றும் உண்டு என்பதையும், தேடிக் கண்டதை உலகறிய வெளியிடுவது ஏன் கண்டுபிடித்தலைப் போலவே இன்றியமையாதது என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

வழக்கும் மாற்றும்

உயிரினங்களை மடிய வைத்து நஞ்சை அளக்கும் வழக்கத்துக்கு முறையான வடிவம் தந்தவர் இங்கிலாந்தின் டிரெவன். ஒரு மருந்தின் எந்த அளவு, சோதனை விலங்குகளில் சரிபாதியை மாய்க்கிறதோ, அவ்வளவே அதன் நச்சுத்தன்மையின் அளவுகோல் என்று 1927இல் அவர் வகுத்தார். டிஜிட்டாலிஸ் போன்ற, தொகுதிக்குத் தொகுதி வீரியம் மாறுபடும் மருந்துகளைத் தரப்படுத்துவதற்காகவே அது தோன்றியது. பின்னர் வண்ணப்பூச்சு முதல் வாசனைப் பொடி வரை எல்லாவற்றுக்கும் அதுவே அளவுகோலாகிவிட்டது. பாதியைக் கொல்லும் அளவு என்னும் எண் கோப்பில் ஏறிவிட்டால் அலுவலருக்கு நிறைவு. அவ்வெண் மனிதனுக்கு எவ்வளவு பொருந்தும் என்று கேட்டவர் குறைவு.

1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள் ஒரு நூல் எழுதினர். இயன்ற இடத்தில் விலங்குக்கு மாற்றுப் பொருளைப் பயன்படுத்துதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பம் குறையுமாறு முறையைச் செம்மைப்படுத்துதல் என்ற மூன்று நெறிகளை அந்நூல் வகுத்தது. மறு ஆண்டே, 1960இல், இந்திய நாடாளுமன்றம் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்துக்கு வித்திட்டவர் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொணர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல். அச்சட்டத்தின் வழியே 1962இல் பிறந்த விலங்கு நல வாரியம் அவர் தலைமையில் சென்னையில்தான் அமைந்தது. 2018இல்தான் அது அரியானாவுக்குப் பெயர்ந்தது. நூல்களும் உருவமைப்புகளும் திரைப்படங்களும் போதுமாயின் கல்விக்கூடங்களில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்று அச்சட்டம் அன்றே கூறியிருந்தது. ஆயினும் பல்கலைக்கழக மானியக்குழு 2011இல் நெறிமுறை வகுத்து, 2014இல் அதனை இறுக்கிய பின்னரே நம் விலங்கியல் ஆய்வகங்களில் தவளைகளுக்கு விடுதலை கிட்டியது. மெழுகுத் தட்டில் குண்டூசிகளால் அறையப்பட்ட தவளையின் நரம்பைத் தேடி நடுங்கிய கையோடு நின்ற மாணவர் தலைமுறையைச் சேர்ந்தவன் யான். அன்று கற்ற நரம்பின் பெயர் மறந்துவிட்டது. அந்தத் தட்டு மறக்கவில்லை.

கல்வித் துறையில் மாற்று முறைகளைப் பரப்புவதற்கெனத் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009இல் மகாத்மா காந்தி – டோரன்காம்ப் மையம் தொடங்கப்பட்டது. பேராசிரியர் மு.அ. அக்பர்ஷா அதன் முதல் இயக்குநராக விளங்கினார். அதே பத்தாண்டு காலத்தில் சட்டங்களும் அசைந்தன. 2014இல் ஒப்பனைப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அவ்வாறு சோதித்தவற்றை இறக்குமதி செய்வதும் அவ்வாண்டே தடைபட்டது. 2023இல் திருத்தப்பட்ட புதிய மருந்து விதிகள், செல் வளர்ப்பு போன்ற விலங்கு சாரா முறைகளின் முடிவுகளையும் ஏற்க இடமளித்தன.

முயலுக்கும் எலிக்கும் இவ்வாறு பரிந்து பேசுவோர் கிடைத்தனர். மீனுக்குக் கிடைத்தவர் மிகச் சிலரே. மனிதன் தவிர்ந்த எந்த உயிரும் விலங்கே என்று 1960ஆம் ஆண்டுச் சட்டம் இலக்கணம் கூறுகிறது. அவ்விலக்கணப்படி மீனும் விலங்குதான். எனினும் மீன் கத்துவதில்லை. கத்தாத உயிரின் துன்பம் நம் செவிக்கு எட்டுவதில்லை.

மேல்விசாரத்தில் நடந்தது

இனி நம் மாவட்டத்தைவிட்டு மேற்கே, பாலாற்றங்கரைக்குச் செல்வோம். இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்த மேல்விசாரம், தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்ற ஊர். 1965இல் தொடங்கப்பட்ட சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி அங்குள்ளது. அக்கல்லூரியின் விலங்கியல் துறையில் பேராசிரியர் ஏ.எஸ். சாகுல் ஹமீது தலைமையில் இயங்கிய ஆய்வகம், முதலில் மீன், இறால் நோய்களை ஆராய்வதற்கெனவே முனைந்தது. நோய் தரும் வைரசை வளர்த்துப் பார்க்க வேண்டுமாயின் அதற்கு உயிருள்ள செல் வேண்டும். வைரசு தானே தனித்து வளராது. ஆகவே மீனின் திசுவிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து, கண்ணாடிக் குடுவையிலே தலைமுறை தலைமுறையாகப் பெருகச் செய்யும் கலையை அக்குழுவினர் பயின்றனர். இவ்வாறு தொடர்ந்து பெருகிவரும் செல்களின் வழித்தோன்றலையே செல் வரிசை என்கிறோம். உலகின் முதல் நிலையான மீன் செல் வரிசை, வானவில் டிரௌட் மீனிடமிருந்து 1962இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. நம் நாட்டு மீன்களுக்கு அத்தகைய வரிசைகள் அரிதாகவே இருந்த காலத்தில், மேல்விசாரத்திலிருந்து கொடுவா மீனின் மண்ணீரல் செல் வரிசை 2006இல் ஆய்விதழில் வெளிவந்தது. தொடர்ந்து பால்மீன், களவா, கட்லா, ரோகு என்று பட்டியல் நீண்டது.

கேரளத்தார் கரிமீன் என்று போற்றும் எட்ரோப்ளசு மீனின் கண், சிறுநீரகம், செவுள் ஆகிய மூன்று உறுப்புகளிலிருந்தும் மூன்று செல் வரிசைகளை அவர்கள் உருவாக்கினர். உவர்நீருக்குப் பழகிய இம்மீன் பழவேற்காட்டு ஏரியிலும் வாழ்வது. ஆகவே திருவள்ளூர் மாவட்டத்துக்கும் இது அயலான உயிரன்று.

தோல் ஆலைகள் நிறைந்த ஊரின் கல்லூரி, தோல் கழிவுநீரை ஆய்வுக்கு எடுத்தது இயல்பே. ஜி. தாஜுவும் சாகுல் ஹமீதும் பிறரும் சேர்ந்து எழுதிய ஆய்வுரை 2012இல் ‘கீமோஸ்பியர்’ இதழில் வெளிவந்தது. அவர்கள் செய்தது இதுதான். ஒரே கழிவுநீரைப் பல செறிவுகளில் எடுத்துக்கொண்டனர். ஒருபுறம் உயிருள்ள எட்ரோப்ளசு மீன்களை 96 மணி நேரம் அதில் விட்டு, பாதி மீன்கள் மடியும் செறிவைக் கணக்கிட்டனர். மறுபுறம் அதே மீனின் மூன்று செல் வரிசைகளையும் அதே கழிவுநீருக்கு உட்படுத்தி, செல்களின் உயிராற்றல் பாதியாகக் குறையும் செறிவைக் கணக்கிட்டனர். பிறகு இரண்டு எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டனர். இரண்டும் நெருங்கி இயைந்தன. மீன் சொன்னதைச் செல்லும் சொன்னது.

செல் எவ்வாறு சாட்சி சொல்லும்? செல்லுக்கு வாயில்லை, சாயம் அதற்காகப் பேசும். நடுநிலைச் சிவப்பு என்னும் சாயத்தை உயிருள்ள செல் உறிஞ்சித் தன் லைசோசோம் பைகளுக்குள் அடைத்து வைத்துக்கொள்ளும். உறை கிழிந்த செல்லால் அதனைப் பிடித்து வைக்க இயலாது. அலமார் நீலம் என்னும் சாயம், செல்லின் வளர்சிதை மாற்றம் நடைபெறும்போது நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறி ஒளிரும். செல் ஓய்ந்துவிட்டால் நீலமாகவே நிற்கும். கூமாசி நீலமோ புரதத்தைப் பற்றிக்கொள்வது. தட்டில் எவ்வளவு செல்கள் ஒட்டி நிற்கின்றன என்பதை அது காட்டும். உறை, உள்ளியக்கம், எண்ணிக்கை என மூன்று கோணங்களில் மூன்று சாட்சிகள். நிறத்தின் அடர்த்தியைக் கருவி அளந்து எண்ணாகத் தந்துவிடுகிறது. உள்ளங்கை அளவுள்ள ஒரு தட்டில் பல செறிவுகளையும் ஒருங்கே சோதிக்கலாம். தொட்டிகள் வேண்டா, குடம் குடமாகக் கழிவுநீரும் வேண்டா.

அடுத்த ஆண்டு, 2013இல், கட்லா மீனின் செவுள் செல் வரிசையையும் நச்சியல் ஆய்வுக்கென்றே உருவாக்கி அதே இதழில் அக்குழுவினர் வெளியிட்டனர். செவுளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நீரிலுள்ள நஞ்சு மீனின் உடலை முதலில் தீண்டுமிடம் செவுள்தான்; மீனுக்கு மூச்சும் அங்கே, உப்புச் சமன்பாடும் அங்கே.

ஏட்டிலேறிய பின்

இனிக் கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். ஓர் ஆய்வகத்தில் ஒரு முறை வெற்றி பெற்றுவிட்டது என்பதால் மட்டும் எந்த மீனும் பிழைத்துவிடுவதில்லை. அது வெளியிடப்பட வேண்டும். வெளியிடப்பட்டதைப் பார்த்து மற்றோர் ஆய்வகம் செய்து பார்க்க வேண்டும். அங்கும் அதே விடை வர வேண்டும். பலவிடத்தும் வந்தபின் விதி வகுப்போர் மேசைக்கு அது செல்ல வேண்டும். இவ்வழி எவ்வளவு நீண்டது என்பதற்கு ஒரு சான்று காண்போம்.

கனடா நாட்டு வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் போல்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் வானவில் டிரௌட் மீனின் செவுளிலிருந்து ஒரு செல் வரிசையை உருவாக்கி 1994இல் வெளியிட்டனர். சுவிட்சர்லாந்தின் நீரியல் ஆய்வு நிறுவனமான ஏவாகில் கிறிஸ்டின் ஷிர்மர் குழுவினர் அதனை எடுத்துக்கொண்டு, 35 வேதிப்பொருள்களைச் சோதித்து, மீனின் விடையோடு ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டனர். ஆறு ஆய்வகங்கள் தனித்தனியே அதே சோதனையைச் செய்து பார்த்த ஒப்பாய்வு 2019இல் வெளிவந்தது. அவ்வாண்டே உலகத் தர நிர்ணய அமைப்பு அதனை நீர்ச் சோதனை முறையாக ஏற்றது. 2021இல் பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி நிறுவனம் அதனை 249ஆம் எண் வழிகாட்டி முறையாக அறிவித்தது. குடுவையிலிருந்து விதிநூலுக்கு வந்து சேர 27 ஆண்டுகள். ஒவ்வொரு படியிலும் ஏணியாக நின்றது அச்சேறிய ஓர் ஆய்வுரை. ஏதேனும் ஒரு படி எவரேனும் ஒருவருடைய மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டிருந்தால் ஏணி அங்கேயே முறிந்திருக்கும்.

249ஆம் முறை நம் நாட்டுக்கும் பயன்படும் என்பதில் ஐயமில்லை. வேதிப்பொருள் பாதுகாப்புச் சோதனைகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் உடன்பாட்டில் இந்தியா 2011 முதல் முழுப் பங்காளி. ஒரு நாட்டில் நெறிப்படி செய்த சோதனையை மற்ற நாடு மறுபடி செய்யுமாறு கேட்கத் தேவையில்லாததால், இவ்வுடன்பாடு தானாகவே பல உயிர்களைக் காக்கிறது. ஆயினும் டிரௌட் குளிர்நீர் மீன். அதன் செல்கள் 19 பாகை செல்சியசு வெப்பத்தில் வளர்பவை. நம் ஏரிகளும் கழிமுகங்களும் அவ்வாறு குளிர்வதில்லை. எட்ரோப்ளசின் செல்கள் 28 பாகையில் வளர்பவை. வெப்பம் கூடினால் நஞ்சின் வேகமும் மாறும். எனவே கும்மிடிப்பூண்டிக் கழிவுநீரைக் குறித்துச் சாட்சி சொல்லும் தகுதி, ஆல்ப்ஸ் மலையோடையின் மீனைவிட நம் உவர்நீர் மீனுக்கே மிகுதி என்பது என் துணிபு. ஆனால் டிரௌட் செல்லுக்குப் பின்னால் ஆறு ஆய்வகங்களின் ஒப்பாய்வு நிற்கிறது. எட்ரோப்ளசு செல்லுக்குப் பின்னால் நிற்பது ஓர் ஆய்வுக்குழுவின் உழைப்பு. அறிவால் குறைபட்டதன்று, தொடர்ந்து செய்வார் கையெழுத்து வேண்டியிருக்கிறது.

மற்றொருவர் செய்து பார்க்கும் வண்ணம் எழுதுவது என்பது எளிய செயலன்று. செல்கள் எத்தனையாவது தலைமுறையைச் சேர்ந்தவை, எந்த ஊட்ட நீர்மத்தில் வளர்ந்தவை, கழிவுநீரிலிருந்த நுண்ணுயிர்களை எவ்வாறு வடிகட்டினர், வடிகட்டும்போது நஞ்சின் ஒரு பகுதியும் தாளில் தங்கிவிட்டதா, கழிவுநீரின் உப்புத்தன்மையைச் செல்லுக்கேற்பச் சரிசெய்தனரா, எத்தனை தட்டுகள் பாழாயின என்று அத்தனையும் எழுதப்பட வேண்டும். இத்தகைய நுணுக்கங்களை ஒழுங்குபடுத்தவே, குடுவைச் சோதனைகளுக்கான நன்னெறிக் கையேடு ஒன்றை மேற்கூறிய நிறுவனம் 2018இல் வெளியிட்டது. விலங்குகளைக் கொண்டு செய்த ஆய்வுகளை எழுதுவதற்கும் 2010இல் பிரிட்டனில் ஒரு நெறிமுறை வகுக்கப்பட்டு, 2020இல் திருத்தப்பட்டது. எத்தனை விலங்குகள் எடுக்கப்பட்டன, ஏன் அத்தனை, இடையில் விலக்கப்பட்டவை எவை என்பவற்றை மறைக்காமல் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். சரியாக எழுதப்படாத விலங்கு ஆய்வை வேறொருவர் மீண்டும் செய்ய வேண்டிவரும். அப்போது முதலில் மடிந்த விலங்குகள் வீணே மடிந்தவையாகின்றன.

இதைவிடப் பெருங்கேடு, தோற்ற முடிவுகளை வெளியிடாமை. செல் சோதனை மீன் சோதனையோடு ஒத்துவரவில்லை என்று கண்ட ஆய்வாளர் பெரும்பாலும் அதனை எழுதுவதில்லை. எழுதினாலும் இதழாசிரியர் விரும்புவதில்லை. விளைவு? அதே தோல்வியை நோக்கி வேறொரு நகரில் வேறொரு மாணவர் அதே தொட்டியை நிரப்புகிறார். ஆலைகளின் நிலையும் இதுவே. தத்தம் பொருள்களை விலங்குகளிடம் சோதித்த முடிவுகளைத் தொழில் மறைபொருள் என்று பூட்டி வைத்திருக்கும்போது, அதே பொருளைத் தயாரிக்க முனையும் மற்றோர் ஆலை முதலிலிருந்து தொடங்குகிறது.

வெளியிடும் வாயிலிலேயே இன்னொரு தடையும் உண்டு. ஓர் ஆய்வு முழுவதும் செல்களைக் கொண்டே செய்யப்பட்டிருந்தாலும், மதிப்பீட்டாளர் ‘இதனை விலங்கிலும் செய்து காட்டுக’ என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கத்தைக் குறித்தே ஆய்வாளரிடம் வினா எழுப்பிய ஓர் ஆய்வு 2023இல் ‘ஆல்டெக்ஸ்’ இதழில் வெளிவந்தது. தம்மிடம் அவ்வாறு கேட்கப்பட்டதாகப் பலர் விடையிறுத்தனர். மாற்று முறைகளுக்கெனவே 1984 முதல் வெளிவரும் இதழ் அது. பழகிய அளவுகோலிடம் உள்ள பற்று, அறிவியலாரையும் விட்டபாடில்லை.

கல்லூரி ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் மற்றொரு கவலை, எங்கே வெளியிடுவது என்பது. பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் பெருகிவிட்டன. ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியல் ஒன்றைப் பல்கலைக்கழக மானியக்குழு 2019இல் நடைமுறைப்படுத்தி, 2025இல் அதனைக் கைவிட்டது. பெயர் பெற்ற இதழாயிருப்பதும் முழுக் காப்பன்று. மேற்சொன்ன ‘கீமோஸ்பியர்’ இதழே, அண்மை ஆண்டுகளில் மதிப்பீட்டுத் தரம் குறித்து எழுந்த ஐயங்களால், 2024 டிசம்பரில் முதன்மையான உலக அட்டவணை ஒன்றிலிருந்து நீக்கப்பட்டது. அதனால் 2012இல் வந்த ஆய்வுரையின் மதிப்புக் குறைந்துவிடாது. அதன் மதிப்பு, செய்முறையை அவ்வுரை திறந்து காட்டியுள்ளதில் இருக்கிறது. எவரும் செய்து பார்த்து மெய்யெனவோ பொய்யெனவோ கூறலாம். அட்டையின் பெயரால் நிற்பதைவிட அது உறுதியான நிலை.

செல் சொல்லாதது

மாற்று முறையின் குறைகளை மறைத்து எழுதுவது அம்முறைக்கே தீங்கு. மீன் வெறும் செவுள் அன்று. அதற்கு நரம்பும் கல்லீரலும் உண்டு. நரம்பைத் தாக்கும் பூச்சிக்கொல்லி ஒன்று நீரில் கலந்திருந்தால், நரம்பில்லாத செவுள் செல் அதனை உரிய அளவில் உணராது. கல்லீரலில் மாற்றமடைந்த பின்னரே நஞ்சாகும் பொருள்களும் அவ்வாறே தப்பிவிடும். 2013ஆம் ஆண்டு 35 பொருள்களைச் சோதித்த சுவிஸ் ஆய்விலேயே இக்குறை வெளிப்படையாகச் சுட்டப்பட்டது. நீரில் கரைந்த உயிர்வளி தீர்ந்து மீன் மூச்சுத்திணறி மடிவதையும் செல் காட்டாது. அதற்கு வேதியியல் அளவீடு வேண்டும்.

மற்றொரு குறை அறநெறி சார்ந்தது. செல்களை வளர்க்கும் ஊட்ட நீர்மத்தில், பிறவாக் கன்றின் குருதியிலிருந்து வடித்த சீரம் சேர்க்கப்படுகிறது. மீனைக் காக்கப் பசுவின் வயிற்றுக் கருவை நாடுவது முரண் என்று கூறுவோர் கூற்றில் நியாயமுண்டு. சோதனை நேரத்தில் சீரமற்ற நீர்மத்தையே பயன்படுத்தும் முறைகள் வந்துள்ளன. செல் வளர்ப்பிலும் அதனை அறவே நீக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. செல் வரிசையைத் தொடங்கவும் ஒரு சில மீன்கள் உயிர் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு வேதிப்பொருளை மீனிடம் சோதிக்கும் பன்னாட்டு முறையில், ஐந்து செறிவுகளும் ஓர் ஒப்பீட்டுத் தொட்டியுமாகத் தொட்டிக்கு ஏழு என்று குறைந்தது 42 மீன்கள் தேவை. அடுத்த பொருளுக்கு மீண்டும் 42. செல் வரிசையோ திரவ நைட்ரசனில் உறைந்து கிடந்து, வேண்டும்போதெல்லாம் விழித்தெழும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகச் சிலர் மீன் கருவைப் பயன்படுத்துகின்றனர். வரிக்குதிரை மீனின் கருவுற்ற முட்டைகளைக் கொண்டு செய்யும் 236ஆம் எண் முறை 2013இல் ஏற்கப்பட்டது. கங்கை வெளியின் நீர்நிலைகளிலிருந்து 1822இல் ஹாமில்டன் விவரித்த இந்திய மீன் அது. மேனாட்டு ஆய்வகங்களில் புகழ் பெற்று, இன்று நம்மிடமே விலைக்குத் திரும்பி வருகிறது.

கும்மிடிப்பூண்டியில் செய்யக்கூடியது

தமிழ்த்துறை மலரில் செல்லுக்கும் செவுளுக்கும் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் வினவினார். ஆய்வுரை ஆங்கிலத்தில் வெளிவருகிறது. அதனைப் படிப்போர் உலகெங்கும் உள்ளனர். ஆயின் ஆரணியாற்றின் கடைமடையில் வலை வீசுபவரும், ஆலையின் கழிவுநீர்க் கூடத்தில் மாதிரி எடுக்கும் தொழிலாளரும் அவ்வுலகத்தில் இல்லை. தம் நீரைக் குறித்து என்ன சோதிக்கப்படுகிறது, எவ்வாறு சோதிக்கப்படுகிறது என்பதைத் தம் மொழியில் அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. வெளியிடுதலின் மறுபாதி அதுவே; அப்பாதியைத் தமிழாசிரியர் செய்யாமல் வேறு யார் செய்வார்?

அவர்களுக்குச் சொல்ல வேண்டியவற்றுள் ஒன்று, மீன் சோதனை நாம் நினைக்கும் அளவுக்கு வல்ல காவலன்று என்பது. நான்கு நாள்கள் கழித்து விடை வரும்போது, தொடர்ந்து ஓடும் கழிவுநீர் ஏரியைச் சேர்ந்திருக்கும். உயிரோடிருக்கும் ஒன்பது மீன்கள் நலமாய் உள்ளனவா என்பதை விதி கேட்பதில்லை. செவுள் வெந்து, இனப்பெருக்கம் குன்றி வாழும் மீனும் கணக்கில் உயிருள்ள மீனே. டிரௌட் செல் முறை 24 மணி நேரத்தில் முடிவதோடு, சாவுக்கு முந்தைய நலிவையும் சாயத்தின் வழியே எண்ணாகத் தருகிறது. ஆகவே மாற்று முறையை வேண்டுவது மீனின்பால் இரக்கத்தால் மட்டுமன்று. ஏரியைக் காக்கும் கூர்மையான கண் வேண்டும் என்பதாலும்தான்.

விதியின் அந்த ஒற்றை வரி இன்றும் மீனையே கேட்கிறது. அது மாறுமுன் ஒரு செயலை இம்மாவட்டத்திலேயே செய்யலாம். சட்டத்தின் பொருட்டு மீன் சோதனை நடந்தே தீரும் இடத்தில், அதே கழிவுநீரில் ஒரு சிறு குப்பி அளவை எடுத்துச் செல் சோதனைக்கும் அனுப்பலாம். அதற்காகக் கூடுதலாக ஒரு மீனும் மடிய வேண்டியதில்லை. மீனின் விடை எப்படியும் பதிவேட்டில் எழுதப்படப் போகிறது. எஃகாலை நீர், சாய நீர், மருந்தாலை நீர் என்று வெவ்வேறு வகைக்கு, மழைக்காலத்தும் கோடையிலுமாக, இரண்டு விடைகளையும் பக்கம் பக்கமாக எழுதி வரலாம். ஆலையின் பெயரை மறைத்து, நீரின் தன்மையை மறைக்காமல், ஒத்துவந்தவற்றோடு ஒத்துவராதவற்றையும் வெளியிடலாம். மேல்விசாரத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே உள்ள தொலைவு அரைநாள் பயணம்கூட இல்லை. நாட்டின் மீன் செல் வரிசைகளைப் பேணும் தேசியக் காப்பகம் இலக்னோவில் இருக்கிறது. ஒரே மாதிரியை மூன்று கல்லூரி ஆய்வகங்கள் தனித்தனியே சோதிப்பதற்கு வேண்டுவன, பனிக்கட்டிப் பெட்டியில் ஏற்றிய மூன்று குப்பிகளும், ஒரே செய்முறைத் தாளும், இரண்டு எண்களையும் எழுத ஒரு பதிவேடுமே.